கீழ்க்குளத்துப் பெருக்கு

என் புருஷன் எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தபோது தன் தோணியையும் கூடவே கொண்டுவந்தார்.

தம்பலகாமத்திலிருந்து மலைப்பக்கமாக நாலு மைல் உள்ளே போனால் எங்கள் ஊர். அங்கே கடலும் இல்லை, துறையும் இல்லை. கடலோரத்துக் கிண்ணியாவில் உழவு றெக்டரின் இழுவைப் பெட்டியில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டி, உள்ளே ஒரு றங்குப்பெட்டியையும் இரண்டு பாயையும் வைத்து, அந்தக் கோலத்தில் தோணி ஊருக்குள் நுழைந்தது. பெண்கள் வேலி நெடுக நின்று சிரித்தார்கள். நானும் ஜன்னல் சீலையை விலக்கிப் பார்த்துச் சிரித்தேன். ஆனால் மற்றவர்கள் சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை. சிரிக்க வேண்டுமானால் நான் சிரிக்க வேண்டும். அவர் என் மாப்பிள்ளை.

எங்கள் பக்கத்தில் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வீடு பெண்ணுக்குத் தாய் தகப்பன் கொடுக்கிற சீதனம், அதை விட்டுவிட்டு அவள் எங்கேயும் போகமாட்டாள். ஆகவே கடலில் பிழைத்தவன் மலையடியில் பெண் எடுத்தால், அவன்தான் மலையடிக்குப் பழக வேண்டும். முனாப் பழகப் பார்த்தார். (புருஷன் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்று உம்மா படிப்பித்திருக்கிறார். எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.)

அவர் வந்தது அறுபத்தொன்பதாம் வருஷம், சிறுபோகம் விதைத்து இரண்டு கிழமையில். வந்த புதிதில் வாப்பாவோடு வயலுக்குப் போனார். வரம்பில் நடக்கும்போது இரண்டு தரம் விழுந்தார். அது பெரிய காரியமில்லை, எல்லாரும் விழுவதுதான். களை பிடுங்கச் சொன்னபோது நெல்லைப் பிடுங்கிக் கட்டாகக் கட்டி வரம்பில் அடுக்கி வைத்தார். வாப்பா அந்தக் கட்டுகளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு வந்து முகம் கழுவினார். என் வாப்பா ஸைனுலாப்தீன் ஏசினால் அரைமணி நேரத்தில் முடிந்துபோகும். ஏசாமல் விட்டால்தான் பயப்பட வேண்டும். அன்றிலிருந்து மருமகன் என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. 'கிண்ணியாக்காரன் சாப்பிட்டானா', 'கிண்ணியாக்காரன் எங்கே போயிட்டான்' என்றுதான் கேட்பார்.

அதற்கு முனாப் கோபிக்கவில்லை. ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே என்னிடம் நேராகச் சொன்னார்.

"ஒரு போகம் பாக்கிறன், ஸல்ஹா. எனக்குத் தெரிஞ்சது தோணி ஒண்டுதான். அதால இங்க உழைக்க ஏலாட்டி நான் கிண்ணியாவுக்குப் போறன். மாமாட சோத்தைத் திண்டுட்டு இருக்க என்னால ஏலாது."

போகிறேன் என்றால் தனியாகத்தான் போவார் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். மாதம் ஒரு தரம் விருந்தாளி மாதிரி வந்து போகிற புருஷனை வைத்துக்கொண்டு இருக்கிற பெண்கள் ஊரில் இரண்டு பேர் இருந்தார்கள். மூன்றாவது ஆளாக நான் இருக்கப் போவதில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்தேன். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. சமைக்கிற நேரம் குசினிக்குள் வந்து நின்று கதைக்கிற ஆண்பிள்ளையை நான் அதற்கு முன் கண்டதில்லை.

தோணியால் உழைக்க வழி இருந்தது. எங்கள் ஊரில் பார்க்கத்தக்கது என்று ஏதாவது உண்டென்றால் அது இரண்டு குளங்களும்தான். மூன்று பக்கமும் மலை. மேற்குளம் மலைக்குள் ஒடுங்கிக் கிடக்கும். ஒரு பக்கம் கரும்பாறை நேரே தண்ணீருக்குள் இறங்கும், மத்தியானத்துக்குப் பிறகு அதன் நிழலில் பாதிக் குளம் கறுத்துவிடும். அங்கிருந்து அரை மைல் கீழே கீழ்க்குளம். அது சின்னக் குளம்தான், ஆழம் குறைவு, ஆனால் பரந்து கிடக்கும். ஓரமெல்லாம் தாமரை. நடுவில் மருதமரங்களோடு ஒரு மேடு. அதில் கொக்கும் நீர்க்காகமும் கூழைக்கடாவும் அடையும் என்பதால் கொக்குத்திட்டு என்று பெயர்.

அந்த வருஷங்களில் ஞாயிறு லீவு இல்லை. நிலாக் கணக்கில் வருகிற போயா நாளுக்குத்தான் லீவு. போயா வந்தால் திருகோணமலை டவுனிலிருந்து கந்தோரில் உத்தியோகம் பார்க்கிற ஆட்கள் குடும்பத்தோடு கார் பிடித்து வருவார்கள். அணைக்கட்டில் நின்று, கொக்குத்திட்டைக் கையால் காட்டி, அங்கே போக வழியில்லையா என்று கேட்பார்கள். வழியில்லை என்று சொல்லிச் சொல்லி எங்களுக்கு வாய் அலுத்திருந்தது. முனாப்பின் தோணி அணைக்கட்டு மரத்தின் கீழ் கவிழ்ந்து கிடந்தது.

குளம் நீர்ப்பாசன இலாகாவுக்குச் சொந்தம். ஆளேற்றித் தோணி விட வேண்டுமானால் எஞ்சினியரின் கடிதம் வேண்டும். கடிதம் இல்லாமல் தோணியைத் தண்ணீரில் இறக்கக் கூடாது என்று வாப்பா சொல்லிவிட்டார். அவர் எங்கள் வட்டவிதானை. இரண்டு குளத்து மதகுக்கும் அவர்தான் பொறுப்பு. எந்த மதகு, எந்த நாள், எத்தனை மணி என்பதைக் குளக்கூட்டத்தில் வயல் செய்கிற கமக்காரர் எல்லாரும் உட்கார்ந்து தீர்மானிப்பார்கள். தீர்மானித்ததை வாப்பா செய்வார். இருபத்திரண்டு வருஷத்தில் கூட்டம் சொல்லாமல் ஒரு விரற்கடைகூட அவர் மதகைத் தூக்கியதில்லை. ஒரு வருஷம் எங்கள் சொந்த வயலே காய்ந்து வெடித்தபோதும் தூக்கவில்லை. உம்மா அதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்.

கடிதத்துக்கு நான்தான் விண்ணப்பம் எழுதினேன். என் கையெழுத்து நல்ல கையெழுத்து. ஒரு மாதத்தில் பதில் வந்தது. வருகிற பறுவப் போயாவுக்கு, முழுநிலா நாளில், எஞ்சினியர் ஆனந்தராசா நேரில் வந்து, தோணியில் ஏறிப் பார்த்து, திருப்தி என்றால் கடிதம் தருவார்.

அவர் மனைவி புஸ்பராணியோடு ஜீப்பில் வந்தார். நெட்டையான, அதிகம் பேசாத மனிதர். காலில் வெள்ளைக் களிசான். அந்த அம்மாவோ எதைக் கண்டாலும் நின்று பார்க்கிற ரகம். முதலில் ஜீப்பில் மேற்குளத்துக்குப் போனோம். பாறை தண்ணீருக்குள் இறங்குகிற இடத்தைப் பார்த்ததும் அந்த அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் கால் வைத்துக்கொண்டு நின்றார். டவுனில் தினமும் கடலைப் பார்க்கிறோம், ஆனால் இப்படி அசையாத தண்ணீரைப் பார்த்ததில்லை என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது, ஏதோ நானே அந்தக் குளத்தைக் கட்டியது மாதிரி.

வாப்பா அங்கேதான் இருந்தார். எங்கள் எருமைப்பட்டி மேற்குளத்தடியில். எஞ்சினியருக்கு சலாம் வைத்து, மதகைக் காட்டிவிட்டு, தான் கீழே வரப்போவதில்லை, பட்டியில் வேலை இருக்கிறது என்றார். வேலை ஒன்றும் இல்லை. குளத்தைக் காட்டி உழைப்பது ஒரு தொழிலா என்று முதல் நாள்தான் உம்மாவிடம் கேட்டிருந்தார்.

பத்து மணிக்குக் கீழ்க்குளத்தில் தோணி இறங்கியது. அன்றைக்குத்தான் என் புருஷனை அவருடைய இடத்தில் வைத்துப் பார்த்தேன். வரம்பில் விழுந்த மனிதர் தோணியில் நின்றபடி கம்பூன்றினார், ஒரு சொட்டுத் தண்ணீர் தெறிக்கவில்லை. தாமரைக்குள்ளால் போகும்போது இலைகள் தாமாக விலகுவது போலிருந்தது. கூழைக்கடாக்கள் எழும்பாத தூரத்தில் நிறுத்திக் காட்டினார். எஞ்சினியர் இரண்டு தரம் தலையை ஆட்டினார். கடிதம் வந்தமாதிரித்தான் என்று நினைத்தேன்.

திட்டில் இறங்கும் இடத்தில்தான் பிழை நடந்தது.

கிண்ணியாவில் தோணிக்காரருக்கு ஒரு வழக்கம் உண்டு. கடல் ஏறி நிற்கும் பெருக்கு நேரத்தில் தோணியைக் கரையோரத்துத் தட்டையான இடத்தில் ஏற்றிவிடுவார்கள். தண்ணீர் வற்றியதும் தோணி மணலில் குந்திக்கொள்ளும். ஆட்கள் கால் நனையாமல் இறங்கலாம், சாமான் இறக்கலாம். அடுத்த பெருக்கு வந்தால் தானாக மிதக்கும். யாரும் தள்ளவும் வேண்டாம். முனாப் அப்படித்தான் செய்தார். அந்த அம்மாவின் சேலை நனையக் கூடாது என்று தட்டையான இடமாகப் பார்த்துத் தோணியை மேலே ஏற்றி, நீளக் கயிற்றைத் தளர விட்டு மரத்தில் கட்டினார். கீழ்மதகு காலையிலிருந்து ஒரு மணி வரை திறந்திருக்கும் நாள் அது. தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. திட்டின் அந்தப் பக்கம் தட்டை என்பதால் ஒரு விரல் இறங்கினாலே ஒரு முழம் பின்வாங்கும்.

நான் சாப்பாட்டை அவிழ்த்து வைத்தேன். பறுவத்துக்கு அவர்கள் மீன் சாப்பிடமாட்டார்கள் என்று விசாரித்து வைத்திருந்தேன். சோறு, பருப்பு, தாமரைக்கிழங்குக் கறி, பொரித்த மிளகாய். கிழங்குக் கறியை அந்த அம்மா இரண்டு தரம் கேட்டு வாங்கினார். சாப்பிட்டு, மரங்களுக்குள் நடந்து, கூடுகளைப் பார்த்து, திரும்பி வர ஒன்றரை மணியாகிவிட்டது. தோணி சேற்றில் குந்திக்கொண்டிருந்தது. தண்ணீர் நாலு முழம் தள்ளி நின்றது.

எஞ்சினியர் தோணியைப் பார்த்தார். முனாப்பைப் பார்த்தார்.

"பயப்பட வேணாம், சேர்," என்றார் முனாப். "இண்டைக்குப் பறுவம். பெருக்கு நல்லா ஏறும். நாலு மணிக்குள்ள தோணி மிதக்கும்."

குளத்தில் ஏது பெருக்கு?

அவர் முகத்தைப் பார்த்தேன், பகிடிச் சிரிப்பு இல்லை. பிறகு யோசித்துப் பார்த்தால் அவர்மேலும் பிழையில்லை. வந்த நாளிலிருந்து குளிக்கப் போகும்போதெல்லாம் படித்துறையைக் கவனித்திருக்கிறார். ஒரு நாள் மூன்றாம் படி நனைந்திருக்கும், ஒரு நாள் நாலாம் படி காய்ந்திருக்கும். அது மதகு திறப்பதும் பூட்டுவதும் என்று எங்கள் வீட்டுக் கோழிக்கும் தெரியும். தெரிந்த விஷயத்தை யார் வாய்விட்டுச் சொல்லுவார்கள்? தண்ணீர் ஏறி இறங்குவதைக் கண்டவர், உலகத்துத் தண்ணீர் எல்லாவற்றுக்கும் பெருக்கும் வற்றும் உண்டு என்று நினைத்துவிட்டார். பறுவத்துக்குப் பெருக்கு அதிகம் என்பது கிண்ணியாவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அந்த வார்த்தையை எஞ்சினியர் முன்னால் சொன்னால், குளத்தில் பெருக்கு இல்லை என்பது தெரியாத ஆள் குளத்தில் ஆளேற்றப் போகிறான் என்று கடிதம் அந்தத் திட்டிலேயே முடிந்துவிடும். கடிதம் இல்லையென்றால் தோணி இல்லை. தோணி இல்லையென்றால் அவர் இல்லை.

எஞ்சினியர் எதிர்த்துக் கதைக்கவில்லை. தள்ளிப் பார்க்கலாமா என்று மட்டும் கேட்டார். இரண்டு பேரும் தள்ளினார்கள். கடல் மணல் தோணியை வழுக்கி விடும். குளத்துச் சேறு பிடித்தால் விடாது. வெள்ளைக் களிசான் முழங்கால் வரை கறுப்பானதுதான் மிச்சம். அணைக்கட்டுப் பக்கம் ஆழமான பழைய ஆற்றுப் பள்ளம், நடந்து கடக்க ஏலாது. காட்டுப் பக்கம் ஆழமில்லை, ஆனால் இடம் தெரியாமல் கால் வைத்தால் சேறு புதைக்கும், அதோடு அது யானை வருகிற வழி. அந்தி சாய்கிற நேரத்தில் கூட்டமாக இறங்கித் திட்டுக்குப் புல் மேய வரும். ஐந்து மணிக்கு முன் அங்கிருந்து போய்விட வேண்டும் என்பது எஞ்சினியருக்கும் தெரியும். கையை உயர்த்தி மணிக்கூட்டைப் பார்த்தார்.

அப்போதுதான் எனக்கு மேற்குளம் ஞாபகம் வந்தது. மேற்குளத்து மதகைத் திறந்தால் அந்தத் தண்ணீர் எங்கே வரும்? ஓடை வழியே கீழ்க்குளத்துக்குத்தான் வரும்.

"சாப்பாட்டுக்குப் பிறகு தயிர் தர மறந்திட்டன்," என்று எழும்பினேன். "வாப்பாட பட்டியில எருமைத் தயிர் இருக்கு. தண்ணி ஏற முந்தி எடுத்திட்டு வாறன்."

தண்ணி ஏற முந்தி என்று நான் அழுத்திச் சொன்னது என் புருஷனுக்காக. எஞ்சினியர் என்னை ஒரு கணம் பார்த்தார். யானை வருகிற நேரத்துக்கு முன்னம் வந்துவிட வேண்டும் என்றார். புஸ்பராணி அம்மா, தயிருக்காக இவ்வளவு தூரமா என்று கையைப் பிடித்துத் தடுத்தார். எங்கள் தயிரைச் சாப்பிடாமல் எங்கள் குளத்தைப் பார்த்தேன் என்று சொல்லக் கூடாது என்றேன்.

காட்டுப் பக்கம் தொடையளவு தண்ணீர். சின்ன வயதிலிருந்து தாமரை பிடுங்கித் திரிந்த இடம், எங்கே கால் வைக்கலாம் என்று தெரியும். கரையேறி யானைப் பாதையிலேயே நடந்தேன். பயம் இல்லாமல் இல்லை. ஆனால் யானையை விட வாப்பாவிடம் கேட்கப் போவதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

வாப்பா மேற்குளத்து மதகடியில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். ஈரச் சேலையோடு நின்ற என்னைக் கண்டதும் கயிறு கையிலிருந்து விழுந்தது. யாருக்கும் ஒன்றுமில்லை என்று முதலில் சொன்னேன். பிறகு நடந்ததைச் சொன்னேன்.

பெருக்கு என்ற இடத்தில் வாப்பா சிரித்தார். தலைத்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். நெல்லுக் கட்டைக் கண்டு சிரிக்காத மனிதர் சிரித்தது எனக்கு நல்லதாகப் பட்டது. ஆனால் மதகைத் திறக்க வேண்டும் என்றதும் சிரிப்பு நின்றது. மேற்குளம் திறப்பது வியாழக்கிழமை, அது கூட்டத்துத் தீர்மானம், இன்னும் மூன்று நாள் இருக்கிறது என்றார். பட்டியில் உள்ள இரண்டு பேரை அனுப்பி அவர்களைத் தூக்கிக்கொண்டு வரச் சொல்கிறேன், தோணி கிடக்கட்டும் என்றார். கடலில் பிறந்தவன் கடலுக்கே போகட்டும் என்று அவர் மெதுவாகச் சொன்னபோது எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"வாப்பா, வீட்டை நீங்கதான் தந்தீங்க. மாப்பிள்ளையையும் நீங்கதான் பாத்துத் தந்தீங்க. அவர் போனா அந்த வீடு எனக்கு என்னத்துக்கு? நாலு சுவரை வச்சுக்கொண்டு நான் என்ன செய்யிற?"

வாப்பா மதகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூண்டு நாளையில கீழ போகப் போற தண்ணிதானே. கூட்டத்தில கேட்டா ஸைனுலாப்தீன்ட மகள் திறக்கச் சொன்னவள் எண்டு சொல்லுங்க. நான் வந்து பதில் சொல்லுறன்."

அவர் எழும்பிச் சாரத்தை மடித்துக் கட்டினார். மதகு திருகுகிற இரும்புப் பிடியைக் குடிசைக்குள்ளிருந்து எடுத்துவந்தார்.

"கூட்டத்துக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியும்," என்றார். "நீ போய்த் தயிரை எடு."

நான் தயிர்ச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கும்போது பின்னால் மதகு இரைகிற சத்தம் கேட்டது. ஓடினேன். அந்தத் தண்ணீருக்கு முன்னால் நான் போய்ச் சேர வேண்டும் என்றிருந்தது.

திட்டில் முனாப் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியைக் குத்திவிட்டு அதன் பக்கத்தில் குந்தியிருந்தார். குச்சி காய்ந்திருந்தது. அவர் முகத்தை நான் அப்படிக் கண்டதில்லை. ஒரு சொட்டும் ஏறவில்லை என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். ஏறும் என்றேன். பனங்கட்டியை உடைத்துப் போட்டு மூன்று பேருக்கும் தயிர் பரிமாறினேன். ஒரு துளியும் சிந்தவில்லை. அதில் எனக்கு இப்போதும் ஒரு பெருமை உண்டு.

மூன்றேகாலுக்கு ஓடை வாய்ப் பக்கமாகச் சருகும் நுரையும் மிதந்து வந்தன. பிறகு தாமரை இலைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. குச்சியின் அடி நனைந்தது. முதலில் கண்டது புஸ்பராணி அம்மாதான்.

"ஏறுது, இஞ்சை பாருங்கோ," என்று புருஷனின் கையைப் பிடித்தார்.

முனாப் எழும்பி நின்றார். ஓடை வாய்ப் பக்கம் ஒரு தரம் பார்த்தார், பிறகு குச்சியைப் பார்த்தார். நாலரைக்குக் கொஞ்சம் முன்னால் தோணி பின்பக்கம் அசைந்து, சேற்றை விட்டு எழும்பியது. எல்லாரும் ஏறினோம். பாதி வழியில் திரும்பிப் பார்த்தபோது காட்டுக் கரையில் முதல் யானை நின்றிருந்தது. பின்னால் குட்டியோடு இன்னும் நாலு. அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டே பார்த்தார். அவ்வளவு அழகான காட்சியைத் தன் ஆயுசில் கண்டதில்லை என்றார்.

அப்போது எஞ்சினியர் வாயைத் திறந்தார்.

"பிள்ளை, மேற்குளம் வியாழக்கிழமை எல்லோ திறக்கிறது?"

முனாப்பின் கையில் கம்பு ஒரு கணம் நின்றது. கேள்வி என்னிடம்தான். பொய் சொல்ல மனம் வரவில்லை, உண்மையைச் சொல்லவும் மனம் வரவில்லை.

"ஓம் சேர், வியாழக்கிழமைதான்."

"இண்டைக்கு என்ன கிழமை?"

"இண்டைக்குப் போயா, சேர்."

அவர் குனிந்து களிசானில் காய்ந்திருந்த சேற்றை உரித்தார். மீசைக்குள் ஏதோ இருந்தது, சிரிப்பாகத்தான் இருக்க வேண்டும். புஸ்பராணி அம்மா, சட்டியில் இன்னும் தயிர் இருக்கிறதா என்று கேட்டார்.

ஜீப்பின் முன்பக்கத்தில் காகிதத்தை வைத்துக் கடிதம் எழுதினார். ஆளேற்றித் தோணி விடலாம். ஆனால் கீழே ஒரு நிபந்தனை: தோணிக்காரர் ஒவ்வொரு நாளும் புறப்படுவதற்கு முன் வட்டவிதானையிடம் போய், அன்றைக்கு எந்த மதகு திறக்கிறது, தண்ணீர் ஏறுமா இறங்குமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அதை வாசித்துக் காட்டிவிட்டு, முனாப்பின் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

கடிதம் கிடைத்துவிட்டது. ஆனால் என் கவலை தீரவில்லை. முனாப் அன்று வீட்டில் அதிகம் கதைக்கவில்லை. பெருக்கு வந்தது என்று பெருமை அடிக்கவும் இல்லை. அடுத்த நாள் குளக்கூட்டம். கமக்காரர் கண்ணில் தண்ணீர்க் கணக்குத் தப்பாது. மேற்குளத்தில் நாலு விரல் குறைந்திருக்கிறது என்பதை விடியும்போதே கண்டுவிட்டார்கள். கூட்டத்தில் எல்லாம் வெளியே வரும், ஊர் சிரிக்கும், அவர் றங்குப்பெட்டியை எடுப்பார் என்று பயந்தேன்.

கூட்டம் பள்ளிக்கூடத்தில் நடந்தது. பெண்கள் போவதில்லை. நான் வேலிக்கு வெளியே நின்றேன், கூப்பிட்டால் பதில் சொல்லத்தான். முனாப் உள்ளே கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார். கணபதிப்பிள்ளை என்ற பெரிய கமக்காரர் எழும்பி, இருபத்திரண்டு வருஷம் நடக்காதது நடந்திருக்கிறது, காரணம் என்ன என்று மரியாதையாகத்தான் கேட்டார். வாப்பா எழும்பினார்.

"என்ட மருமகன்ட தோணி தரை தட்டிப் போச்சு," என்றார். "அதுக்காகத் திறந்தனான். பிழைதான். வியாழக்கிழமை என்ட வயலுக்குத் தண்ணி வேணாம்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மகள் சொன்னாள் என்று அவர் சொல்லவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை. மருமகன் என்ற சொல் வேலிக்கு வெளியே எனக்குக் கேட்டது. கடைசி வாங்கில் இருந்தவருக்கும் கேட்டிருக்கும்.

கூட்டம் கலைந்ததும் அவர் வீட்டுப் பக்கம் வராமல் அணைக்கட்டுக்கு நடந்தார். நான் பின்னாலேயே போனேன். மரத்தடியில் தோணிக்குப் பக்கத்தில் குந்தி, அந்த நீளக் கயிற்றை இழுத்துச் சுருட்டிக்கொண்டிருந்தார். கையில் கத்தி இருந்தது. நான் வந்ததை நிமிர்ந்து பார்க்காமலே அவர் கதைக்கத் தொடங்கினார்.

"எனக்கு நேத்தே தெரியும், ஸல்ஹா. கடல்ல பெருக்கு கடல் பக்கத்தாலதான் வரும். சருகு மலைப் பக்கத்தால வந்திச்சு. நீயும் மலைப் பக்கத்தாலதான் தயிரோட வந்தாய்."

நான் அவர் பக்கத்தில் குந்தினேன்.

"கடல் எல்லாருக்கும் ஏறும், எல்லாருக்கும் வத்தும். அதுக்கு என்னைத் தெரியாது," என்றார். "பிறந்ததுக்கு நேத்துத்தான் எனக்கெண்டு ஒரு தண்ணி ஏறிச்சு. இனி நான் எங்க போறது?"

கயிற்றைப் பாதியில் வெட்டினார். பெருக்குக்கும் வற்றுக்கும் விடுகிற நீளம் குளத்துக்குத் தேவையில்லை. அரைவாசியில் தோணியைக் கட்டினார். மற்ற அரைவாசியை என் கையில் தந்தார். எனக்கு அழுகை வந்தது, அதை மறைக்க அவரை ஏசினேன், நல்ல கயிற்றை இப்படியா வெட்டுவது என்று.

அடுத்த நாள் காலையில் நான் குசினியில் இருந்தபோது முற்றத்தில் அவருடைய குரல் கேட்டது. வாப்பா கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, இண்டைக்குத் தண்ணி ஏறுமா, இறங்குமா?"

வாப்பா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, எந்த மதகு, எத்தனை மணிக்கு, எத்தனை விரல் என்று ஆதியோடந்தமாகச் சொல்ல ஆரம்பித்தார். அரைமணி நேரம் சொன்னார். முதல் நாள் அவர் தந்த அந்த மிச்சக் கயிற்றை முற்றத்து இரண்டு மரத்துக்கும் நடுவே கொடியாகக் கட்டி, முனாப்பின் சாரங்களைக் கழுவி ஒவ்வொன்றாகக் காயப்போட்டேன்.